பிரேக் ஏன் கீச்சிடுகிறது?

பிரேக்கை மிதித்ததும் இருபுறமும் உள்ள பேட்கள் சுழலும் டிஸ்க்கைக் கவ்வுகின்றன. அப்போது பேட் சற்றே ஒட்டி, உடனே வழுக்கி, மறுபடி ஒட்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கையில், வில் பட்ட வயலின் தந்தியைப் போல டிஸ்க் அதிர்ந்து கீச்சிடுகிறது.

எந்தச் சத்தத்துக்கு என்ன காரணம்? மழை பெய்த மறுநாள் காலை, முதல் சில மிதிகளில் மட்டும் உரசல் கேட்டால் அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, தானே தேய்ந்துவிடும். கீச்சொலி ஓயாமல் தொடர்ந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் சிறு இரும்புத் தகடு ஒன்று உண்டு. பேட் 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறைந்ததும் அது டிஸ்க்கை உரசி எச்சரிக்கும். கரகரவென இரும்பு அரைபட்டால், பேட் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அதன் இரும்பு முதுகு டிஸ்க்கைச் சுரண்டுகிறது. பிடிமானமும் குறைந்திருக்கும். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.