சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

அரியலூர் சிமென்ட் ஆலைச் சாலைகளின் சுண்ணாம்புத் தூசி மெக்கானிக்குக்கு ஒரு வகையில் உதவி. 2014-இல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் போன்ற பழைய வண்டியில், ஆயில் கசியும் இடமெல்லாம் அது அப்பிக்கொள்ளும். ஆனால் ஆயில் கீழே வழியும். ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். எனவே எஞ்சினைத் துடைத்து, சற்று ஓட்டி, ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத் தேட வேண்டும். பல நேரம் வால்வு கவர் கேஸ்கெட்தான். சூட்டில் இறுகிச் சுருங்கியிருக்கும்.

இரவில் அடியில் அட்டை விரித்தால் நிறம் தெரியும். கறுப்பு என்றால் ஆயில். பச்சை, ஆரஞ்சு என்றால் கூலன்ட். ஏசியின் வெறும் தண்ணீருக்குப் பதறுபவர்களும் உண்டு!

உண்மையில் பயப்பட வேண்டியது வெளியே சொட்டாத கசிவுக்கு. ஹெட் கேஸ்கெட் போனால் கூலன்ட் உள்ளேயே ஆயிலில் கலக்கலாம். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறமும் தெரிந்தால், ‘பெரம்பலூர் வரை ஓட்டிவிடலாம்’ என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.