அப்பாச்சி என்னும் இணையச் சேவையகம்

அப்பாச்சி என்றதும் யாழ்ப்பாணத்து நேயர்களுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டியே நினைவுக்கு வருவார். ஈண்டுக் கூறப்படும் அப்பாச்சியோ ஒரு கணினிச் செய்நிரல். தொலைவிலிருப்பவர் ஒருவர் தம் கணினியில் ஓர் இணையத்தள முகவரியைக் குறித்தால், அவர் கேட்ட பக்கத்தைத் தேடியெடுத்து அனுப்புவது இதன் தொழில். இத்தகைய செய்நிரலைச் சேவையகம் என்பர்.

அமெரிக்காவில், இலினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணினி நிலையத்தில் றொப் மக்கூல் என்பவர் இயற்றிய சேவையகமே முதலிற் பெருவழக்காயிருந்தது. 1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கினார். செய்நிரலின் வளர்ச்சியும் தடைப்பட்டது. அதை நம்பித் தளங்களை நடத்தியோர் என் செய்வர்? மூலநிரல் யாவரும் காணத் திறந்திருந்தமையால், குறை கண்டவிடத்துத் தாமே திருத்திக்கொண்டனர். ஆயின், ஒருவர் அடைத்த ஓட்டையை மற்றவர் அறியார். ஒரே செய்நிரல் ஆளுக்கொரு வடிவமாய்ச் சிதறும் நிலை உண்டாயிற்று.

1995 பெப்ரவரியில் எண்மர் ஒன்றுகூடித் திருத்தங்களைத் திரட்டினர்; ஏப்ரலில் முதல் வெளியீட்டை வழங்கினர். ஒட்டுப்போட்டது எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரோடு அப்பாச்சி என்ற பெயர் ஒலியில் ஒத்திருப்பது உண்மையே. எனினும், அமெரிக்கப் பழங்குடியினராகிய அப்பாச்சி மக்கள்பாற் கொண்ட மதிப்பினால் இட்ட பெயர் என்பதே அவர்கள் தரும் விளக்கம்.

ஒட்டுவேலை நெடுநாள் தாங்குமா? றொபேட் தௌ என்பார் உள்ளமைப்பையே புதிதாய் வகுத்தார். இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவே எனலாம். வரும் வேண்டுகோள் பல படிகளைக் கடக்கவேண்டும்: முகவரிக்குரிய கோப்பை இனங்காணல், கேட்பவருக்கு உரிமை உண்டோ எனப் பார்த்தல், அனுப்புதல், பதிவேட்டிற் குறித்தல். எப்படியிலேனும் வெளியார் எழுதிய ‘மொடியூல்’ என்னும் தனிக்கூறு ஒன்றைச் செருகலாம், நடுநிரலைத் தொடவேண்டியதில்லை. வீட்டுச் சுவரை இடியாது பத்தி இறக்குவதை ஒத்தது இது. பிறமொழிச் செய்நிரல்களை இயக்கவும் மறைகுறியாக்கம் செய்யவும் கூறுகள் பின்னர்ப் பெருகியமைக்கு இதுவே காரணம்.

1995 டிசெம்பர் 1ஆம் நாள் 1.0 பதிப்பு வெளியாயிற்று. 1996இல் உலகில் மிகுதியும் வழங்கிய சேவையகம் அதுவே. ஊதியமின்றி உழைத்தோர், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, மின்னஞ்சலில் வாக்களித்தே முடிவு செய்தனர். தக்க காரணங் காட்டி ஒருவர் மறுத்தாலும் நிரல் மாற்றம் நின்றுவிடும். 1999இல் அவர்கள் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினர்.

ஓர் இணைப்புக்கு ஒரு செயன்முறை என்ற பழைய ஏற்பாடு, கூட்டம் பெருகியபோது நினைவகத்தை விழுங்கியது. 2004இல் வெளிவந்த உருசிய நாட்டவர் இகோர் சிசோயெவின் என்ஜின்எக்ஸ் இக்குறையைத் தவிர்த்துப் போட்டியிட்டது. அப்பாச்சியும் 2002இன் 2.0 பதிப்பிலேயே இவ்வேற்பாட்டை மாற்றத்தக்க கூறாக்கியிருந்தது. 2012இல் தொடங்கிய 2.4 வரிசை அவ்வழியை மேலும் செப்பனிட்டது.