உங்களுக்குத் தெரியுமா? பரிசு ஒன்றுக்கு, பேர் இன்னொன்றுக்கு!

‘பொன்னியின் செல்வன்’ சாகித்ய அகாதெமி பரிசு வாங்கிய நாவல் அல்ல. 1956-ல் கல்கிக்குப் பரிசு வாங்கித் தந்தது ‘அலை ஓசை’. அப்போது அவர் உயிரோடு இல்லை. தன் எழுத்தில் நிலைக்கக்கூடியது ‘அலை ஓசை’தான் என்று கல்கியே நம்பினார். வாசகர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாதிவரை நான் கல்கி கட்சி. லலிதாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, கூட இருந்த சீதாவைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் கட்டம் அசல் கல்கி. கதை டில்லிக்குப் போனபிறகு தற்செயல்கள் ரொம்ப அதிகம்.

பேர் வாங்கிய நூலை விட்டுவிட்டுப் பரிசு வேறொன்றுக்குப் போவது ஏன்? அகாதெமியின் விதி அப்படி. பரிசு ஒரு குறிப்பிட்ட நூலுக்கு. அதுவும் முந்தைய சில ஆண்டுகளுக்குள் வெளிவந்ததாக இருக்க வேண்டும். பல நேரம் எழுத்தாளர் பேர் வாங்கி, நடுவர்கள் கண்ணில் படுவதற்குள் அவருடைய நல்ல நாவல் கெடு தாண்டிவிடும். பிறகு, கெடுவுக்குள் எது இருக்கிறதோ அதற்குக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறார்கள்.

பாரதிதாசனுக்குப் பரிசு கவிதைக்கு அல்ல, ‘பிசிராந்தையார்’ என்ற நாடகத்துக்கு! ஆண்டு 1969, கவிஞர் மறைந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. கண்ணதாசனுக்கும் கவிதைக்குக் கிடைக்கவில்லை. 1980-ல் ‘சேரமான் காதலி’ என்ற சரித்திர நாவலுக்குக் கொடுத்தார்கள். அவர் சினிமாப் பாட்டில் நாலு வரியில் சாதிப்பது, அந்த நாவலில் நாற்பது பக்கம் புரட்டினாலும் அகப்படவில்லை.

‘மோகமுள்’, ‘அம்மா வந்தாள்’ எழுதிய தி. ஜானகிராமனுக்கு 1979-ல் பரிசு. எதற்கு? ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்கு. நல்ல கதைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘மோகமுள்’ படித்தவன் வேறு ஆள். எல்லோரும் அதன் நாயகி யமுனாவையே சொல்கிறார்கள். எனக்கு அந்த நாவலின் உயிர் சங்கீத வாத்தியார் ரங்கண்ணா. அவர் போனபிறகு வரும் பக்கங்களை நான் கொஞ்சம் வேகமாகவே புரட்டினேன்.

நெசவாளர் வாழ்க்கையை ‘பஞ்சும் பசியும்’ நாவலாக்கிய தொ.மு.சி. ரகுநாதனுக்கு 1983-ல் பரிசு, பாரதி ஆய்வு நூலுக்கு. ‘பொய்த்தேவு’ எழுதிய க.நா.சு.வுக்கு 1986-ல், கட்டுரை நூலுக்கு. லா.ச.ரா.வுக்கு 1989-ல் ‘சிந்தாநதி’. படிக்க வேண்டியது ‘அபிதா’. அதையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், திகட்டிவிடும்.

கி. ராஜநாராயணன் பரிசு வாங்கியது (1991) ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு. அது இரண்டாம் பாகம். முதல் பாகமான ‘கோபல்ல கிராமம்’ வந்தது 1976-ல். அதன் தொடக்கத்திலேயே ஒரு கொலை. தனியாக நடந்துவரும் பெண் தண்ணீர் குடிக்க இறங்குகிறாள். நகைக்காக ஒருவன் அவளைத் தண்ணீருக்குள் காலால் அழுத்துகிறான். அவள் அவனுடைய கால் கட்டைவிரலைப் பல்லால் கவ்விக்கொண்டு சாகிறாள், பிடியை விடவில்லை. திருடன் மாட்டிக்கொள்வது அப்படித்தான். இதற்குச் சமமான ஒரு பக்கம் இரண்டாம் பாகத்தில் இல்லை. சுதந்திரப் போராட்டச் செய்திகள் நுழைய நுழைய, அங்கே கரிசல்காட்டுக் குரல் அடங்கிப்போகிறது.

அசோகமித்திரனுக்கு 1996-ல் பரிசு, ‘அப்பாவின் சிநேகிதர்’ சிறுகதைகளுக்கு. சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தை எழுதிய ‘தண்ணீர்’, ஐதராபாத் இணைப்புக் காலத்தை ஒரு கிரிக்கெட் பையன் கண்ணால் பார்த்த ‘18வது அட்சக்கோடு’ இரண்டும் எழுபதுகளிலேயே வந்துவிட்டன. என் கணக்கில் தமிழின் சிறந்த பத்து நாவல்களில் அவருக்கு இரண்டு இடம்.

எப்போதும் குறி தப்புகிறது என்றும் சொல்ல முடியாது. 1972-ல் ஜெயகாந்தனுக்கு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. சரியான புத்தகம், சரியான நேரம். அவர் முன்பு எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளைத் தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அப்படி ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு எழுதியதுதான் நாவல். அங்கங்கே பிரசங்கம் உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

சு. வெங்கடேசனுக்கு முதல் நாவலுக்கே பரிசு: ‘காவல் கோட்டம்’, 2011. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தாதனூர் ஊராரின் களவைச் சொல்லும் பகுதிகள் பிரமாதம். மதுரை வரலாறு வரும் இடங்களில் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. வசந்தபாலனின் ‘அரவான்’ இந்த நாவலிலிருந்து பிறந்த படம்தான்.

கடைசியாக ஒருவர். 1975-ல் அகிலனுக்கு ஞானபீடம் கிடைத்தபோது, அந்தத் தேர்வைக் கடுமையாகச் சாடி எழுதியவர் சுந்தர ராமசாமி. பேச்சுக்குத் தகுந்தாற்போல் எழுதியும் காட்டியவர் அவர்: ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981). இரண்டாவதில் கதாநாயகன் மலையாள எழுத்தாளன். அப்படி ஒருவன் நிஜமாகவே இருந்தான் என்று நம்பிய வாசகர்கள் உண்டு. எனக்குப் புளியமரம்தான் பிடிக்கும், ஜே.ஜே. கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறான். 2005-ல் சுந்தர ராமசாமி மறைந்தார். அகாதெமி பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.