மூளை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி: அது மட்டும் போதுமா?

எதிர்ப்பொருள்களால் ரத்தம் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கான முதல் ரத்தப் பரிசோதனை முடிந்து, இரண்டாவதற்கான 12 வாரக் கெடு நெருங்கும் வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் எழுதுகிறார்கள்: ‘எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவே, அது போதாதா?’

போதாது. காரணம் படம் எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. இந்தப் புள்ளிகளைத் தேட ‘ஃப்ளேர்’ என்ற வகைப் படங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். மூளையைச் சுற்றியும் அதன் அறைகளுக்குள்ளும் இருக்கும் திரவத்தை அது கறுப்பாக்கிவிடும். திசுவுக்குள் கூடிய நீர் மட்டும் பளிச்சென்று வெளுக்கும். அறைச் சுவரை ஒட்டிய கடுகளவுப் பாதிப்புகூடக் கண்ணில் பட்டுவிடும். அருமையான உத்தி. ஆனால் படத்தில் தெரிவது நீர்தான்; அது கூடியதற்கான காரணம் தெரியாது. நுண்குழாயில் ரத்தம் உறைந்து திசு நலிந்தாலும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நரம்புறை சிதைந்தாலும், நெடுநாள் ரத்த அழுத்தத்தாலும், ஒற்றைத் தலைவலிக்காரர்களிடமும் அதே வெள்ளைதான்.

வடிவமும் இடமும் ஓரளவு உதவும். முட்டை வடிவப் புள்ளிகள் அறைச் சுவருக்குச் செங்குத்தாக நின்று, தண்டுவடத்திலும் தெரிந்தால் ஸ்கிளிரோசிஸ் என்று சந்தேகிப்பார்கள். மூளையின் மேற்பரப்பில் ஆப்பு வடிவத் தழும்பு இருந்தால், ரத்தக்குழாய் அடைபட்டதன் தடயமாக இருக்கலாம். இரண்டிலும் சேராத படங்களும் உண்டு. 1983இல் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயை விவரித்த லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ், ஸ்கிளிரோசிஸ் என்று முத்திரை குத்தப்பட்ட சிலருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று பின்னாளில் வலியுறுத்தினார்.

2023இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய்ச் சங்கங்கள் வெளியிட்ட, அறிகுறிகளுக்கு மதிப்பெண் தரும் இந்நோய் வரையறையில் வெள்ளைப் புள்ளிகளுக்கு மதிப்பெண்ணே இல்லை. ஆய்வுக்கு ஆள் சேர்க்கத்தான் அது, நோயைக் கண்டறிய அல்ல என்கிறார்கள். ஆனால் மதிப்பெண் எட்டவில்லை என்றதும் ‘நோய் இல்லை’ என்று அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. எனக்குக் கவலை அதில்தான்.

இதோடு எழும் பிற கேள்விகள். இரண்டு பரிசோதனைகளுக்கும் இடையே ஏன் 12 வாரம்? சில தொற்றுகளுக்குப் பின் இந்த எதிர்ப்பொருள்கள் தலைகாட்டி மறைந்துவிடும்; அவை தங்கியிருக்கின்றனவா என்று பார்க்கவே இரண்டாவது பரிசோதனை.

அதுவரை உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தலாமா? ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்துக்குப் பதில் ரிவராக்சபான்? இந்த நோய்க்குப் பரிசோதிக்கும் மூன்று எதிர்ப்பொருள்களும் உள்ளவர்களுக்கு வேண்டாம். 2018இல் வெளியான இத்தாலிய ஆய்வு, ரிவராக்சபான் தரப்பில் பக்கவாதம் உள்ளிட்ட அடைப்புகள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது.

புள்ளிகள் மறையுமா? பழையவை பெரும்பாலும் தங்கிவிடும். புதியவை வராமல் தடுப்பதே சிகிச்சையின் நோக்கம்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது? உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பதை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். அந்த மூன்றில் ஒன்றான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனையின் முடிவை அது மாற்றிவிடும்.