ரூல் புக்கைப் பார்த்தாலே தலை சுத்துதா? தப்பு உங்க மேல இல்லை!

நண்பர்கள் கூப்பிட்டாங்கன்னு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடப் போறீங்க. பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி, சேர்ந்தே கதை சொல்ற விளையாட்டு. ஆனா மேஜையில 320 பக்க ரூல் புக்! பலர் அங்கேயே எழுந்து போயிடுறாங்க. விதிகள் அதிகமா இருக்கிறது பிரச்னை இல்லை. அதை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறாங்க என்பதுதான் பிரச்னை.

1974-ல் வந்த இந்த விளையாட்டுக்கு, 1977-ல் புதியவர்களுக்கான 'பேசிக்' பெட்டி வந்தது. அதில் மூன்றாவது லெவல் வரைதான் ஆட முடியும். அதற்கு மேல் 'அட்வான்ஸ்டு' புத்தகங்கள். அங்கே போனால் பல விதிகளே வேறு! கற்றதில் பாதியை மறக்கணும்.

1983-ன் சிவப்புப் பெட்டி இன்னும் நட்பானது. தொடக்கத்திலேயே, நீங்கள் தனியாக ஆடும் ஒரு குட்டி சாகசம். ஆடிக்கொண்டே விதிகள் புரிந்துவிடும்.

2014-ல் 'பேசிக் ரூல்ஸ்' இலவச பிடிஎஃப்-ஆக வந்தது. போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என நாலே வகைக் கதாபாத்திரங்கள். ஆனால், 20-வது லெவல் வரை ஆடலாம். 320 பக்கப் புத்தகத்தில் இருக்கும் அதே விதிகள்தான். எனவே, இதை மட்டும் படித்தவரும் பெரிய புத்தகம் வாங்கியவரும் ஒரே மேஜையில் உட்காரலாம்.

இதுதான் சரியான வழி. 'பேசிக்' என்பது பாதி விளையாட்டாக இருக்கக் கூடாது. சின்னதாக இருந்தாலும் முழுசாக இருக்கணும். 'அட்வான்ஸ்டு' அதன்மேல் சேரணும், அதை அழிக்கக் கூடாது.

அதனால, முதல் நாளே எல்லாத்தையும் படிக்காதீங்க. ஒரு கதாபாத்திரம், ஒரு 20 முகப் பகடை... உருட்டுங்க. மீதி விதி தேவைப்படும்போது பார்த்துக்கலாம்!