பதினைந்தாவதாக வந்தவர் எங்கே?

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு அச்சடிக்கும் துண்டுப் பிரசுரத்தில் சைக்கிள் ஓட்டம் இன்றும் முதல் வரியிலேயே இருக்கிறது. தலையணைச் சண்டையும் வழுக்கு மரமும் உறியடியும் கயிறிழுத்தலும் அதற்குப் பிறகுதான். சப்ரகமுவவில் சித்திரை மாதத்துப் பிற்பகலை நம்ப முடியாது. இடியோடு மழை இறங்கிவிடும். அதனால் விடியற்காலையிலேயே சைக்கிள்களை விட்டுவிடுவார்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலும் அந்த வழக்கம் மாறவில்லை. மாறியது, கோட்டில் வந்து நிற்கும் ஆட்களின் தொகை. வீதியின் முழு அகலத்துக்கும் இரண்டு மூன்று வரிசையாக நின்ற இடத்தில் இப்போது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் அளவுக்கே ஆட்கள் நிற்கிறார்கள்.

அன்று அந்தக் கோட்டில் நின்றவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர், சைக்கிளால் பிழைத்தவர்கள். பின்னால் மரப்பெட்டி கட்டி லயம் லயமாகப் பாண் விற்றவர், அதேபோன்ற பெட்டியில் மீன் கொண்டுவந்தவர், தபால் பையோடு தோட்டத்து ஆபீசுக்கும் டவுனுக்கும் போய்வந்தவர், விடியுமுன் பால்வெட்டுக்குப் போன இறப்பர் தோட்டத்து இளைஞர், கணக்கப்பிள்ளையின் மகன், பக்கத்துச் சிங்களக் கிராமத்துத் தச்சர். நுவரெலியா மலைகளைவிட இந்தப் பகுதி தாழ்ந்தது. இங்கே விளைவதில் பெரும்பங்கு 2,000 அடிக்குக் கீழே வளரும் தாழ்நாட்டுத் தேயிலை. கேகாலைப் பக்கம் இறப்பர். ஏற்றம் உண்டு என்றாலும், இறங்கித் தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஏறி மிதிக்கக்கூடிய ஏற்றம்தான். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று எந்த டவுனை எடுத்தாலும் தோட்டத்தையும் டவுனையும் சேர்த்துவைத்த வண்டி சைக்கிள்தான்.

ஓட்டத்துக்கு முந்தின இரவு ஒவ்வொரு வாசலிலும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். ராலே, ஹேர்குலிஸ், ஹம்பர் என்று தகப்பன் காலத்து வண்டிகள். மட்கார்ட், கெரியர், ஸ்டாண்ட், செயின் மூடி எல்லாவற்றையும் கழற்றி எடுப்பார்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போடுவார்கள். அவ்வளவு கழற்றியும் வண்டி பாரமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லோருடைய வண்டியும் அதே எடை. காலும் மூச்சும்தான் ஆளுக்கு ஆள் வேறு. முதல் ஆள் வந்து மாலை போட்டு அரை மணி கழித்தும் பின்தங்கியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சனமும் கலையாமல் நிற்கும். முதலாவதாக வந்தவருக்குக் கிடைத்த கைதட்டலைவிடப் பதினைந்தாவதாக வந்த பாண்காரருக்குக் கிடைத்தது பெரிது. அவரைத் தெரியாத வீடு இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழர் வாழும் சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. சித்திரைப் புத்தாண்டு இரு சனத்துக்கும் பொதுவான நாள். ஒரே வீதியில், ஒரே விசிலுக்கு, தோட்டத்துப் பையனும் கிராமத்துப் பையனும் சேர்ந்து மிதித்த சந்தர்ப்பங்கள் வருஷத்தில் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. கோட்டில் நின்ற அந்த வரிசை முதலில் மெலிந்ததற்குச் சைக்கிள் காரணமே இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. அதன்பின் வருஷா வருஷம் லயங்கள் காலியாகின. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் நடந்ததும் பல குடும்பங்களை வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் விரட்டின. போனவர்களில் பந்து விளையாடியவர்களும் சைக்கிள் ஓடியவர்களும் இருந்தார்கள். ஓர் ஊரின் விளையாட்டு விழா எப்படி இளைத்தது என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

மிஞ்சியவர்களின் பிள்ளைகள் இப்போது கொழும்பில் இருக்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளில், ஹோட்டல்களில், ஆடைத் தொழிற்சாலைகளில். ஊரிலே நிற்கிறவர்களிலும் தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் குறைவு. நாட்டின் தேயிலையில் எழுபது வீதத்துக்கும் மேல் இன்று சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. கிராமத்துத் தேயிலைக் காணியில் நாட்கூலிக்குப் போகிறார்கள். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறார்கள். கொழும்புப் பிள்ளைகள் தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார்கள். புத்தாண்டுக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் நெருக்குப்பட்டு வந்து இறங்குகிறவன் மறுநாள் காலையில் இருபது கிலோமீற்றர் மிதிப்பானா?

சைக்கிளும் வீட்டை விட்டுப் போயிற்று. பாண் இப்போது முச்சக்கர வண்டியில், பேத்தோவனின் இசையை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வருகிறது. மீன் மோட்டார் சைக்கிளில் வருகிறது. பிள்ளைகள் ஸ்கூல் வேனில் போகிறார்கள். ஊருக்குள் இத்தனை பேரைக் காலால் மிதிக்க வைத்த தொழில்கள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்கு மாறின. அது நல்லதுக்கே. மழையில் மரப்பெட்டியோடு மேடேறிய மனிதரின் முதுகு வலியை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம். ஆனால் ஓட்டத்துக்கு ஆள் வந்தது அந்தத் தொழில்களிலிருந்துதான். தினமும் மிதித்தவனுக்கு வருஷத்தில் ஒருநாள் போட்டிக்கு மிதிப்பது பாரமாக இருக்கவில்லை.

2022இல் பெற்றோல் தீர்ந்தபோது சைக்கிள் திரும்பி வரும் என்று நாடு முழுக்கப் பேச்சு. அந்த ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளுக்கு டியூப் தேடி அலைந்தார்கள். ஆனால் அதே வருஷம் ரூபாயின் பெறுமதி விழுந்ததால் புது வண்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து, நிரப்பு நிலைய வரிசை குறைந்து, பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பழைய வண்டிகள் மறுபடி சுவருக்கே போய்விட்டன.

இவ்வளவும் வெளிக் காரணங்கள். உள்ளே ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் ஓட்டம் நடத்துகிறவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். இப்போது பரிசுப் பணத்துக்காக வெளியூரிலிருந்து ரேஸ் சைக்கிளோடு சில பேர் வருகிறார்கள். எட்டு, ஒன்பது கிலோ வண்டி. விலை லட்சங்களில். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கே எழுபத்தைந்து நாள் வேலை செய்ய வேண்டியிருந்தது. விசில் ஊதியதும் அந்தச் சிலர் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் காற்றை மறைத்துப் போகிறார்கள். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குச் சமதரையில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். முதல் ஏற்றத்திலேயே உள்ளூர்ப் பையன் தனியாகிவிடுகிறான். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. இரண்டு வருஷம் அப்படி மிதித்தவன் மூன்றாம் வருஷம் வரமாட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ரேஸ் சைக்கிள், சாதாரண சைக்கிள் என்று சில இடங்களில் இரண்டாகப் பிரித்து நடத்துகிறார்கள். அது பாதி மருந்துதான். வண்டியைப் பிரிக்கலாம், பதினேழு வயதையும் நாற்பத்தைந்து வயதையும் அது பிரிக்காது.

இதற்கு வேறு நாட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு வழி இருக்கிறது. ஹேண்டிகேப் ஓட்டம். அந்தச் சொல் நம்முடைய டவுன்களில் புதிதும் அல்ல. ரேஸ் புக்கிக் கடையில் குதிரைப் பட்டியலைப் புரட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார், வேகமான குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றுவார்கள் என்று. சைக்கிளில் பாரத்துக்குப் பதில் நேரம். மெதுவாகப் போகிறவர்கள் முதலில் புறப்படுவார்கள். மிக வேகமானவர்கள் எல்லோருக்கும் கடைசியில். இருபது கிலோமீற்றர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இருபது கிலோமீற்றர் போகிறவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், முப்பது போகிறவருக்கு நாற்பது நிமிஷம், நாற்பது போகிறவருக்கு முப்பது நிமிஷம். முதற்கூட்டம் ஆறு மணிக்குப் போனால் இரண்டாவது ஆறு இருபதுக்கு, கடைசிக் கூட்டம் ஆறரைக்கு. கணக்குச் சரியாக இருந்தால் ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே இடத்தில். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கே வெற்றி. மிகக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவருக்குத் தனிப் பரிசு.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கும் வார்னம்பூலுக்கும் இடையே 1895இல் தொடங்கிய புகழ்பெற்ற ஓட்டம் நூறு வருஷம் இப்படித்தான் நடந்தது. 1996இலிருந்துதான் அதில் எல்லோரையும் ஒரே நேரத்தில் விடுகிறார்கள். பெரிய ஓட்டங்கள் தொழில்முறை வீரர்களை நோக்கிப் போக, ஹேண்டிகேப்பைச் சிறிய கழகங்கள் காப்பாற்றி வந்தன. இன்று அங்கேயும் ஆள் குறைகிறது. வீதியை மறிக்க அனுமதி, காவலுக்கு ஆள், காப்புறுதிச் செலவு என்று அவர்களுக்கும் தொல்லைகள். ஏ4, ஏ7 வீதிகளில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிளை விட அஞ்சும் நம்முடைய விழாக் குழுவினருக்கு அது விளங்கும். இந்த முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பின்தங்கி வருகிறவனுக்கும் வரக் காரணம் கொடுக்கிற ஓட்டம் இதுதான் என்கிறேன். தெருவில் விளையாடும்போது சின்னவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்ப்போமே, அப்படியல்ல இது. இங்கே அவன் உண்மையாகவே ஜெயிக்கலாம். வேகமானவனுக்கும் முன்னால் துரத்த ஆள் இருக்கும். வீதியோரம் நிற்கிற சனத்துக்கும் கடைசிக் கட்டம் வரை யார் வருவார் என்று தெரியாது.

கெட்டிக்காரத்தனமாக ஒருவர் இந்த வருஷம் மெதுவாக ஓடிவிட்டு அடுத்த வருஷம் கூடுதல் நிமிஷம் வாங்கப் பார்ப்பார் என்று கேட்கலாம். உண்மைதான். எல்லா ஊர்க் கழகங்களிலும் இருக்கிற தொல்லை அது. ஆனால் தோட்டத்தில் யாருடைய காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிமிஷக் கணக்கைப் போடுகிறவர் ஊரை அறிந்த ஒருவராக இருந்தால் போதும். பெண் பிள்ளைகளையும் அதே ஓட்டத்தில் சேர்க்கலாம். அவர்களுக்கென்று ஒதுக்கிய தேங்காய் துருவும் போட்டியோடு நிறுத்த வேண்டியதில்லை.

தடை ஒன்று இருக்கிறது, மிகச் சிறியது. நம்முடைய விழாக் குழுக்களிடம் முதல் மூன்று பேரின் பெயர் இருக்கிறது, கேடயத்தோடு எடுத்த போட்டோ இருக்கிறது. நான்காவதாக வந்தவர் எத்தனை நிமிஷத்தில் வந்தார் என்ற குறிப்பு எந்தக் கொப்பியிலும் இல்லை. அது இல்லாமல் யாரை எப்போது விடுவது என்று கணக்குப் போட முடியாது. ஆகவே வருகிற சித்திரையில் ஓட்டத்தை எந்த முறையில் நடத்தினாலும் சரி, முடிவுக் கோட்டில் ஒரு கடிகாரத்தோடும் ஒரு கொப்பியோடும் ஒருவர் உட்கார வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை எழுந்து போகாமல், ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் வண்டியையும் வந்த நேரத்தையும் எழுத வேண்டும். அடுத்த வருஷத்து ஓட்டத்துக்கு அந்தக் கொப்பி வேண்டும்.