எஃகில் எழுந்த உழைப்பாளி!

பாரிஸ் நகரில் 1937-ம் ஆண்டு உலகக் கண்காட்சி நடந்தது. ஒரு பக்கம் ஹிட்லரின் ஜெர்மனி எழுப்பிய மண்டபம். அதன் உச்சியில் நாஜிக் கழுகு. நேர் எதிரே சோவியத் மண்டபம். அதன் உச்சியில் நின்றது யார்? அரசனா? தளபதியா? இல்லை! ஓர் ஆலைத் தொழிலாளியும் ஒரு கூட்டுப்பண்ணைப் பெண்ணும்! அவன் கையில் சுத்தியல். அவள் கையில் அரிவாள்.

அந்தச் சிலையை வடித்தவர் வேரா முகினா என்ற பெண்மணி. 1889-ல் ரீகா நகரில் செல்வமிக்க வணிகர் வீட்டில் பிறந்தவர். பாரிஸில் பூர்தெல் என்னும் சிற்பியிடம் பயின்றார். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தாதியாகத் தொண்டு செய்தார். மக்களுக்கான நினைவுச் சின்னங்களை எழுப்ப 1918-ல் லெனின் திட்டம் வகுத்தபோது, அந்தப் பணியில் பங்கு கொண்டார். அவர் துன்பம் அறியாதவர் அல்லர். 1930-ல் மருத்துவரான அவர் கணவர் கைதானார்; இருவரும் வொரோனெஷ் நகரில் வாழ நேர்ந்தது. அது அநீதி, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்த அடிக்குப் பிறகும் அவர் உளியைக் கீழே வைக்கவில்லை.

சிலையின் கருத்து கட்டிடக் கலைஞர் இயோஃபானுடையது. வடிவம் முகினாவுடையது. அதற்கு உடல் கொடுத்தவர்களோ தொழிலாளர்கள்! சுமார் 24 மீட்டர் உயரச் சிலை அது. தச்சர்கள் மரத்தில் குழிவான அச்சுகளைச் செதுக்கினார்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை, நாம் எவர்சில்வர் என்கிறோமே அந்த இனத்தை, அச்சுக்குள் வைத்துத் தட்டி வடிவம் ஏற்றினார்கள். பிறகு தகடுகளைப் பற்றவைத்து இரும்புச் சட்டத்தில் பொருத்தினார்கள். 65 துண்டுகளாகப் பிரித்து, 28 ரயில் பெட்டிகளில் ஏற்றிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள்.

மாஸ்கோ திரும்பிய சிலையை 1939-ல் தாழ்ந்த பீடம் ஒன்றில் நிறுத்தினார்கள். முகினா மனம் நொந்தார், ஆட்சேபித்தார். பலனில்லை. 1953-ல் கண் மூடினார். 2003-ல் பழுது பார்ப்பதற்காகச் சிலையைக் கழற்றினார்கள். 2009-ல், பாரிஸ் மண்டபத்தைப் போன்ற உயர்ந்த பீடத்தில் அதை மீண்டும் ஏற்றினார்கள்.

கழுகை ஏந்திய ஆட்சி 1945-ல் மண்ணோடு மண்ணானது. சிலையை எழுப்பிய சோவியத் அரசும் 1991-ல் மறைந்தது. உழைப்பாளியும் உழவர் மகளும் இன்றும் நிற்கிறார்கள்!

தோழர்களே, எஃகுத் தொழிலாளிக்கே உரிய உயரம் கிடைக்க 70 ஆண்டுகள் ஆயின. ரத்தமும் சதையுமான தொழிலாளியை உரிய பீடத்தில் ஏற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதை யார் செய்வது? நாம்தான்!